ஒற்றைக் காதுக்கு ஒரு பெட்டி

புதுச்சேரியில் 'சொல்தா' என்றால் குழந்தைக்கும் அர்த்தம் தெரியும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து, பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியவருக்கு அந்தப் பெயர். பிரெஞ்சுக்காரன் சிப்பாயைக் குறிக்கச் சொல்லும் வார்த்தை நம் ஜனங்களின் வாயில் விழுந்து புரண்டு, தமிழாகவே ஆகிவிட்டது. எங்கள் தெருவிலும் ஒரு சொல்தா இருக்கிறார். எண்பதைத் தாண்டிய வயது. முதுகு இன்னும் வளையவில்லை. மீசையில் கறுப்பு மருந்துக்கும் கிடையாது. இடது காது அடியோடு கேட்காது. வலது காது, அதுவாக மனசு வைத்தால் கேட்கும்.

இடது காது போனதற்குக் காரணத்தை அவரே சொல்வார். வலது கைக்காரன் துப்பாக்கியைத் தோளில் அணைத்துச் சுடும்போது வலது காது தோளின் மறைவில் ஒதுங்கிக்கொள்கிறது. இடது காதுதான் வெடியின் முழு அடியையும் வாங்குகிறது. வைத்தியர்களும் இதையே சொல்கிறார்கள். "எதிராளி குண்டு என்னை ஒண்ணும் பண்ணலை தம்பி, என் சொந்தக் குண்டுதான் காதைத் தின்னுடுச்சு" என்று சொல்லிவிட்டு அவர் சிரிக்கிற சிரிப்பில் வருத்தம் இருக்கிறதா என்று எனக்கு இதுவரை பிடிபட்டதில்லை.

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் காலையில் அவர் ஒரு துணிப்பையோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். பைக்குள் ஒரு பழைய கேசட் கருவி, காதில் மாட்டும் ஹெட்போன் ஒன்று, இரண்டுக்கும் நடுவே இணைக்கிற சின்ன அலுமினியப் பெட்டி ஒன்று. வெற்றிலைச் செல்லத்தில் பாதி அளவுகூட இராது. ஒரு திருகு, இரண்டு துளை, உள்ளே 9 வோல்ட் பேட்டரி. பாரிஸிலிருக்கும் அவருடைய மகன் அனுப்பியது.

"தம்பி, இது செத்துப்போச்சு. எங்க அக்கா பேச மாட்டேங்குறா" என்றார்.

அக்கா காலமாகிப் பல வருஷங்கள் ஆகின்றன. ஆனால் அக்காவின் குரல் பதினோரு கேசட்டுகளில் இருக்கிறது. இவர் பிரான்ஸில் பட்டாள முகாமில் இருந்தபோது, எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மாள், யாரிடமோ கருவியை இரவல் வாங்கி, மணிக்கணக்காகப் பேசிப் பதிந்து, கடல் கடந்து அனுப்பிவைத்தாராம். பிலிப்ஸ் கம்பெனியார் 1963-ம் வருஷம் பெர்லின் கண்காட்சியில் கேசட்டை முதன்முதலாக வெளியிட்டபோது, ஆபீசில் கடிதம் சொல்லி எழுதவைக்க உதவும் என்றுதான் எண்ணினார்கள். அதுவே கையெழுத்துப் போடத் தெரியாத ஜனங்களின் கடிதமாகிவிடும் என்று யார் கண்டார்கள்? வளைகுடா நாடுகளுக்குப் போனவர்களின் வீடுகளில் எல்லாம் அந்தக் காலத்தில் இப்படிப் பேசுகிற கடிதங்கள் வந்தன, போயின.

வைத்தியர் கொடுத்த காதுக் கருவி சொல்தாவிடம் இருக்கிறது. நேரில் பேசுவதற்கு அது போதும். கேசட்டின் மங்கின ஒலி அதில் கொழகொழத்துப் போகிறது. இந்தப் பெட்டி நடுவே இருந்தால்தான் அக்கா வாய் திறப்பார். இப்போது வலது பக்கம் அடியோடு மௌனம்.

இதற்கு ஒரு சுலப வழி உண்டே என்று வாசகர்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன். ஹெட்போனை இடம் வலமாகத் திருப்பி மாட்டினோம். ஒலி வந்தது, ஆனால் பேச்சு வரவில்லை. வார்த்தைகள் எல்லாம் தகரத்தில் மணலைத் தேய்த்ததுபோல் கரகரத்தன. ஆகவே பெட்டிக்கு ஒரு வியாதி அல்ல, இரண்டு வியாதி என்று தெரிந்தது. தட்டாஞ்சாவடிக்குப் புறப்பட்டேன்.

தட்டாஞ்சாவடி என்றவுடன் புதுச்சேரிக்காரர்களுக்குத் தொழிற்பேட்டை நினைவு வரும். விவசாயிகளுக்கு ஒழுங்குமுறை விற்பனைக் கூடமும் நெல் மூட்டையும் நினைவு வரும். எனக்கென்னவோ அந்தப் பெயரிலேயே ஒரு மயக்கம். தட்டார்கள், அதாவது பொற்கொல்லர்கள், தங்கின சாவடியாகத்தான் இருக்க வேண்டும் என்று நானே தீர்மானித்துக்கொண்டிருக்கிறேன். சரித்திர ஆதாரம் கேட்காதீர்கள். ஆனால் அங்கே ஒரு சந்தில் உட்கார்ந்திருக்கும் ரேடியோ மெக்கானிக்கைப் பார்த்தால் நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள். குனிந்த தலை, கண்ணில் பெரிதாக்கும் கண்ணாடி, கையில் சூட்டுக்கோல், எதிரே நகத்தளவு வேலை. தட்டார் வெங்காரம் தூவிப் பற்றவைக்கிறார். இவர் பைன் மரத்துப் பிசினைத் தொட்டுப் பற்றவைக்கிறார். உலோகத்தின் மேலுள்ள களிம்பை அகற்றி, பற்று பிடிக்கச் செய்வதுதான் இரண்டுக்கும் வேலை.

எழுபதை நெருங்கும் மனிதர். சிறு பையனாக இருந்தபோது வால்வு ரேடியோ பழுது பார்க்கும் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தவர். பெட்டியை வாங்கித் திருப்பிப் பார்த்தார். திறக்கவில்லை. "யாரு கேக்கறாங்க இதுல?" என்பதுதான் முதல் கேள்வி. சொன்னேன். "எந்தக் காது?" என்றார். அதையும் சொன்னேன். டாக்டர்கூட இவ்வளவு நிதானமாக விசாரித்ததில்லை.

பிறகு, பெட்டியை விட்டுவிட்டு ஹெட்போனை எடுத்துத் தம்முடைய ரேடியோவில் செருகினார். இரண்டு காதிலும் பாட்டு வந்தது. ஹெட்போன் தப்பித்தது. பெட்டிக்குள் ஒலி நுழையும் இடத்தில் இடது கம்பியை வலதிலும் வலது கம்பியை இடதிலும் மாற்றிக் கொடுத்தார். அப்போதும் வலது பக்கமே ஊமையாக இருந்தது. கேசட்டும் கம்பியும் தப்பித்தன. "கோளாறு வெளியில இல்லை சார், வீட்டுக்குள்ளதான்" என்று சொல்லிவிட்டுத்தான் திருப்புளியைத் தொட்டார்.

பெட்டி திறந்து கிடக்கும்போது அதன் பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கச்சேரி மண்டபத்துக்கும் பொதுக்கூட்ட மேடைக்கும் பிறந்ததுதான் ஒலிபெருக்கி என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி அல்ல. ஒலியைப் பெருக்கும் வித்தை பிறந்ததே ஒரு மனிதனின் காதுக்காகத்தான்.

டெலிபோனைச் செய்த கிரகாம் பெல்லின் தாயாருக்குக் காது மந்தம். மனைவிக்குக் காதே கேளாது. அவருடைய தொழிலோ செவிடர்களுக்குப் பேச்சுக் கற்பிப்பது. 1876-ல் அவர் செய்த டெலிபோனில் ஒரு குறை. தூரம் போகப் போகக் குரல் தேய்ந்துவிடும். அமெரிக்காவில் லீ டி ஃபாரஸ்ட் என்பவர் 1906-ல் ஒரு கண்ணாடிக் குமிழுக்குள் மூன்று உறுப்புகளை வைத்து ஒரு வால்வு செய்தார். நலிந்த மின்சாரத்தை அது பல மடங்கு பெருக்கித் தரும் என்பது சில வருஷங்கள் கழித்தே துலங்கியது. 1913-ல் டெலிபோன் கம்பெனி அந்த உரிமையை அவரிடம் 50,000 டாலருக்கு வாங்கியது. 1915 ஜனவரி 25-ந் தேதி, நியூயார்க்கில் பெல் உட்கார்ந்து பேச, மூவாயிரம் மைலுக்கு அப்பால் ஸான்ஃபிரான்ஸிஸ்கோவில் அவருடைய பழைய உதவியாளர் வாட்ஸன் கேட்டார். முதல் டெலிபோனில் கூப்பிட்டதுபோலவே 'இங்கே வா' என்று பெல் கூப்பிட, இப்போது வந்து சேர ஒரு வாரம் ஆகுமே என்று வாட்ஸன் பதில் சொன்னாராம். வழியில் வைத்த வால்வுகள் அத்தனையும் அந்த ஒரு காதுக்காக உழைத்தன.

ஹெட்போனின் கதையும் அதே ஜாடைதான். அமெரிக்காவில் யூட்டா மாகாணத்தில் நதானியேல் பால்ட்வின் என்று ஒருவர். தேவாலயத்தில் பிரசங்கம் சரியாகக் காதில் விழவில்லை என்ற குறைதான் அவரை இந்த வேலையில் இறக்கியது என்று சொல்வார்கள். சமையலறை மேஜையில் வைத்துச் செய்து 1910-ல் கடற்படைக்கு அனுப்பினார். கடற்படையார் சோதித்துப் பார்த்து, அசந்துபோய், நிறைய வேண்டும் என்றார்கள். ஒரு தடவைக்குப் பத்துதான் தர முடியும் என்று இவர் பதில் எழுதினார். சமையலறையில் அதற்கு மேல் இடம் ஏது?

நம் பக்கத்துக்கு ஒலிபரப்பு வந்ததும் காது வழியாகத்தான். சி. வி. கிருஷ்ணசாமிச் செட்டியாரின் முயற்சியால் 1924-ம் வருஷம் மே மாதம் சென்னை மாகாண ரேடியோ சங்கம் தொடங்கியது. ஜூலை 31-ந் தேதி ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. 40 வாட் சக்தி. இன்று வீட்டில் தொங்குகிற பழைய குண்டு பல்புக்கு அவ்வளவு வேண்டும்! பிற்பாடு 200 வாட்டாக உயர்த்தினார்கள். வால்வு ரேடியோ வாங்கப் பணமில்லாதவர்கள் படிகக் கல் ரேடியோவில் கேட்டார்கள். ஈயமும் கந்தகமும் சேர்ந்த ஒரு கனிமத் துண்டு, அதன்மேல் பூனை மீசை போன்ற ஒரு கம்பி, கொல்லையில் கட்டிய நீண்ட ஏரியல். பேட்டரியும் இல்லை, மின்சாரமும் இல்லை. ஆகாயத்திலிருந்து ஏரியல் பிடித்துத் தந்த துளி சக்தியே ஹெட்போனின் தகட்டை அசைக்க வேண்டும். அந்தக் கல்லைக் கொண்டு அலைகளைக் கண்டறியும் கருவிக்கு நம் ஜகதீஸ் சந்திர போஸ் 1904-லேயே அமெரிக்காவில் காப்புரிமை பெற்றிருந்தார் என்பதை இங்கே சொல்லாமல் போனால் பாவம்.

வீட்டில் ஒரே ஹெட்போன், கேட்கிறவர்களோ பத்துப் பேர் என்றால் என்ன செய்வது? மேல்நாட்டுக் குடும்பங்களில் ஹெட்போனைப் பீங்கான் கிண்ணத்துக்குள் போட்டுவிட்டுச் சுற்றி உட்கார்ந்து கேட்பார்களாம். கிண்ணம்தான் ஒலிபெருக்கி!

சென்னைச் சங்கம் பணமுடையால் 1927 அக்டோபரில் மூடிப்போயிற்று. ஒலிபரப்பும் யந்திரத்தைச் சென்னை நகரசபை ஏற்றுக்கொண்டு 1930 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து தானே நடத்தியது. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். காதோடு இருந்த சங்கீதம் காற்றுக்கு வந்தது. 1938 ஜூன் 16-ல் சென்னை வானொலி நிலையமும், மறு வருஷம் மே மாதத்தில் திருச்சி நிலையமும் திறந்தன. புதுச்சேரி அப்போது பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்த ஊர். ஆனாலும் ஒலி அலைக்குச் சுங்கச் சாவடி ஏது? சுதந்திரத்துக்காகப் புதுச்சேரியிலிருந்த ஸ்ரீ அரவிந்தர் எழுதிய செய்தியை 1947 ஆகஸ்டு 14-ந் தேதி ஒலிபரப்பியது திருச்சி நிலையம்தான்.

சார், போதும், பெட்டிக்கு வாங்க என்று மெக்கானிக் கூப்பிடுவதுபோல் இருக்கிறது. வருகிறேன்.

பெட்டிக்குள் விரல் நகத்தைவிடச் சிறிய, எட்டுக் கால் உள்ள ஒரு ஐ.சி.; அதுதான் பெருக்குகிறது. இடதுக்கும் வலதுக்குமாக இரண்டு பெருக்கிகள் அந்த ஒரு கறுப்புத் துண்டுக்குள்ளேயே இருக்கின்றன. பழைய வால்வு ரேடியோவுக்கு வயரிங் படம் கிடைக்கும். அதைப் பார்த்து ரிப்பேர் செய்வார்கள். இந்தப் பெட்டிக்குப் படம் கிடையாது. மெக்கானிக்கிடம் அதற்கு வேறு மருந்து இருந்தது. மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு பழைய காதுக்குழலை எடுத்தார். அதன் கம்பி முனையில் ஒரு கண்டென்சரைப் பற்றவைத்திருந்தார். ஆடுகிற மின்சாரத்தை, அதாவது ஒலியை, அது உள்ளே விடும். பேட்டரியின் நேர் மின்சாரத்தைத் தடுத்துவிடும். அதைத் தம் காதில் வைத்துக்கொண்டு, முனையால் ஒவ்வோர் இடமாகத் தொட்டார். வைத்தியர் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை நகர்த்துகிறாரே, அதேதான்.

கேசட் ஓடிக்கொண்டிருந்தது. வால்யூம் திருகின் காலில் தொட்டார், தலையை ஆட்டினார். ஐ.சி.யின் உள்வாய்க் காலில் தொட்டார், ஆட்டினார். வெளிவாய்க் காலில் தொட்டார். "அம்மா பேசுறாங்க சார். கிணறு தூர் வாரணுமாம்" என்றார். அப்புறம் ஹெட்போன் செருகும் ஜாக்கின் காலில் தொட்டார். தலை ஆடவில்லை. ஐ.சி.யை விட்ட அக்கா ஜாக்கை வந்து சேரவில்லை! நடுவே உள்ள பாதை அரை அங்குலம்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு எனக்கும் காட்டினார். ஜாக்கின் காலைச் சுற்றி, பற்றில் தலைமயிர் அளவுக்கு ஒரு வட்ட வெடிப்பு. டெலிபோன் நிலையத்தில் பெண்கள் செருகிச் செருகி எடுத்த கால் அங்குலச் செருகியின் சிறிய வாரிசுதான் இந்த மூன்றரை மில்லிமீட்டர் செருகி. நூற்றுக்கணக்கான தடவை செருகி இழுக்கும்போது அந்த முரட்டுத்தனம் முழுவதும் அந்தப் பற்றின் தலையில்தான் விடிகிறது.

"முன்னெல்லாம் ஈயம் கலந்த பற்று சார், வளைஞ்சு கொடுக்கும். இப்ப ஈயமே இல்லாத பற்று, வெடிச்சுடுது" என்று குறைப்பட்டுக்கொண்டார். 2006 ஜூலையிலிருந்து ஐரோப்பாவில் இம்மாதிரி சாமான்களில் ஈயத்துக்குத் தடை. பழைய ஈயப் பற்று 183 டிகிரியில் உருகும். வெள்ளியும் செம்பும் சேர்ந்த புதியது 217 டிகிரி கேட்கிறது. ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கிற விஷம் என்பதால் தடை நியாயமே என்பது என் கட்சி. அவர் கட்சி வேறு. ஐம்பது வருஷமாக அந்தப் புகையில் உட்கார்ந்திருப்பவரிடம் நான் வாதாடவில்லை. சூட்டுக்கோல் தொட்டது, பிசின் வாசனையோடு ஒரு நூல் புகை, பற்று பளபளத்து அடங்கியது.

எனக்கு அவசரம். ஹெட்போனைச் செருகப் போனேன். கையைத் தட்டிவிட்டார். "முதல்ல மீட்டர், அப்புறம் காது." பெருக்கி கெட்டிருந்தால் நேர் மின்சாரம் வெளியே வந்து ஹெட்போனின் மயிரிழைக் கம்பிச் சுருளைப் பொசுக்கிவிடுமாம். அளந்தார், ஆயிரத்தில் சில பங்கு வோல்ட்தான், பயமில்லை. அப்போதும் சொல்தாவின் ஹெட்போனைத் தொடாமல், பலி கொடுப்பதற்கென்றே வைத்திருக்கும் ஒரு மலிவான ஹெட்போனைத்தான் முதலில் மாட்டினார். இரண்டு காதிலும் ஒலி. இரண்டிலும் அதே மணல் தேய்ப்பு.

இரண்டாவது வியாதிக்கு வருவோம். ஒலி என்பது மேலும் கீழும் ஆடுகிற அலை. ஆடுவதற்கு நடுவில் நிலையான ஒரு இடம் வேண்டும். பேட்டரியோ ஒன்றே ஒன்று. ஆகவே இரண்டு சமமான ரெஸிஸ்டர்களை வைத்து, 9 வோல்ட்டை மேலுக்கு நாலரை, கீழுக்கு நாலரை என்று பாகம் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் காவலாக ஒரு கண்டென்சர். மீட்டரை வைத்துப் பார்த்தால் மேல் பங்கு 6.6, கீழ் பங்கு 2.4! கீழ்க் கண்டென்சர் உள்ளே கசிந்து, மின்சாரத்தைத் திருட்டுத்தனமாகக் கடத்திக்கொண்டிருந்தது. அலை கீழே இறங்க இடமில்லாமல் தரையில் மோதி நசுங்கியது. அதுதான் கரகரப்பு. பங்காளிகளில் ஒருவன் வரப்பைத் தள்ளி வைத்த கதை என்று வைத்துக்கொள்ளுங்கள். கெட்டது ஒன்று என்றாலும் இரண்டையும் மாற்றினார். கூடப் பிறந்தது எத்தனை நாளைக்கு என்பது அவர் கணக்கு.

அவர் மாற்றிக்கொண்டிருந்த நேரத்தில் அந்த ஐ.சி.யின் மூதாதையை நினைத்துக்கொண்டேன். 1947 டிசம்பரில் பெல் ஆராய்ச்சிச் சாலையில் டிரான்ஸிஸ்டர் பிறந்தது. அதை வைத்து யார் என்ன செய்தாலும் கட்டணம் உண்டு. காதுக் கருவி செய்கிறவர்களுக்கு மட்டும் இலவசம். கிரகாம் பெல்லின் ஞாபகார்த்தமாக அப்படி ஒரு சலுகை. ஆகவே டிரான்ஸிஸ்டர் முதன்முதலாகக் கடைக்கு வந்தது 1952 கடைசியில் ஸோனோடோன் கம்பெனியாரின் காதுக் கருவியில். இரண்டு குட்டி வால்வுகளோடு ஒரே ஒரு டிரான்ஸிஸ்டர். ரேடியோ பின்னால்தான் வந்தது. அந்த முதல் டிரான்ஸிஸ்டர் ரேடியோ, ரீஜென்ஸி என்று பெயர், விலை 49 டாலர் 95 சென்ட், உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது 1954-ம் வருஷம் அக்டோபர் 18-ந் தேதி.

இந்தத் தேதி புதுச்சேரிக்காரர்களின் காதில் ஒலிக்க வேண்டும். அதே நாளில்தான் கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இந்தியாவோடு சேரலாம் என்று வாக்களித்தார்கள். நவம்பர் முதல் தேதி ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்டில் சட்டப்படியும் ஆயிற்று. பிரெஞ்சுக் குடியுரிமையோடு இருந்தவர்களில் சிலர் பட்டாளத்துக்கும் பாரிஸுக்கும் போனார்கள். சொல்தா போனதும் அந்த வழியில்தான். ஒரே தேதியில் ஒரு ஊர் கை மாறுகிறது; இன்னொரு கோடியில், சட்டைப்பைக்குள் அடங்கும் ரேடியோ பிறக்கிறது. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லைதான். ஆனால் அக்கா ஊரிலும் தம்பி முகாமிலுமாக ஆனதற்கு முதலாவது காரணம். குரல் மட்டும் போய்ச் சேர்ந்ததற்கு இரண்டாவதன் வம்சம் காரணம். 1979-ல் ஸோனி கம்பெனியார் வாக்மேன் கொண்டுவந்தபோது, தனியாகக் கேட்பது மரியாதை அல்லவே என்று தயங்கி, இரண்டு ஹெட்போன் செருக இரண்டு துளை வைத்தார்களாம். கடற்கரை ஒலிபெருக்கி வரை போன ஒலி மறுபடியும் காதுக்கே திரும்பிவிட்டது.

மீட்டரில் இப்போது மேலும் நாலரை, கீழும் நாலரை. வால்யூம் திருகுக்குள் ஒரு பீச்சு மருந்து. பத்துத் தடவை இப்படியும் அப்படியும் திருகல். கூலி நூற்று ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டார். "ரொம்ப ஏத்தி வைக்கச் சொல்லாதீங்க சார். மிச்சம் இருக்கிற காதையும் இது தின்னுடும்" என்று எச்சரித்தும் அனுப்பினார்.

சாயங்காலம் சொல்தா வீட்டுத் திண்ணையில் பெட்டியை மாட்டிக் கொடுத்தேன். நேராகவே மாட்டிக்கொண்டார். கேசட் ஓடிற்று. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். கிணறு, தூர், வரப்பு எல்லாம் ஆகியிருக்க வேண்டும். திடீரென்று கையை உயர்த்தி, நான் பேசாமல் இருக்கும்போதே என்னைப் பேசாதே என்று அடக்கினார்.

"தம்பி, பின்னால ஒரு சேவல் கூவுது. இத்தனை வருஷம் இது எனக்குக் கேட்டதே இல்லை" என்றார். இன்னும் கொஞ்சம் கேட்டுவிட்டு, "நம்ம வீட்டுச் சேவல் இல்லை. எதிர்வீட்டுது" என்றார்.